விர்ச்சுவல் கிராஸ் கன்ட்ரி: சென்னைப் பெற்றோரும் பி.டி. ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரில், தன் மண்ணில் ஓடுகிறது. ஓடிய நேரங்களை ஒரே பட்டியலில் சேர்த்து யார் ஜெயித்தார்கள் என்று சொல்கிறோம். விர்ச்சுவல் கிராஸ் கன்ட்ரி என்பது இவ்வளவுதான். சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்து, வெளியூர்ப் பள்ளிகளோடு சேர்ந்து இப்படிப் போட்டி வைக்கிறவன் நான். பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி, சில என் கருத்து. எது எது என்று படிக்கும்போதே தெரியும்.

சாதாரண ஓட்டப் போட்டிக்கும் கிராஸ் கன்ட்ரிக்கும் என்ன வித்தியாசம்?

400 மீட்டர் டிராக்கில் இல்லாமல், தார் ரோட்டிலும் இல்லாமல், புல், மண், மணல், மேடு பள்ளம் என்று இருக்கிற நிலத்தில் ஓடுவது கிராஸ் கன்ட்ரி. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பிள்ளைகள் வயல்வெளிகளில் ஓடியதிலிருந்து வளர்ந்த விளையாட்டு. ஆரம்பத்திலிருந்தே இது பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டம்தான். இன்னொரு விஷயம், இது அணிப் போட்டி. தனியாளாக முதலில் வந்தாலும் அணி தோற்கலாம். அந்தக் கணக்கைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

தனியாக ஓடிவிட்டு நேரத்தை அனுப்பினால் அது போட்டியாகுமா?

2020-ல் கொரோனா வந்தபோது பாஸ்டன் மாரத்தானே இப்படித்தான் நடந்தது. செப்டம்பர் 7 முதல் 14 வரை, ஓடுகிறவர்கள் அவரவர் ஊரில் 42 கிலோமீட்டரை ஓடி நேரத்தை அனுப்பினார்கள். பெரியவர்களுக்கு அது சரி.

பிள்ளைகளுக்கு அது போதாது என்பது என் எண்ணம். பக்கத்தில் ஒருத்தன் மூச்சு வாங்க ஓடும் சத்தம் கேட்டால்தான் பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் போட்டி என்றே தோன்றும். அதனால் நாங்கள் வைக்கும் போட்டிகளில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பள்ளியிலிருந்து குறைந்தது ஐந்து பேர் ஒரே விசிலுக்கு, ஒரே இடத்தில், ஆசிரியர் கண் முன்னால் ஓட வேண்டும். எதிரணி வேறு ஊரில் ஓடட்டும். தன் அணி கண் முன்னால் இருக்க வேண்டும். அபார்ட்மென்ட் வளாகத்தில் தனியாக ஓடி அனுப்பும் நேரத்தை நாங்கள் அணிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமா?

வேண்டாம். ஒரு வாரம் அவகாசம் கொடுப்பதுதான் நல்லது. வீடியோ கால் போட்டு எல்லோரும் ஒரே நொடியில் கிளம்புவது பார்க்க உற்சாகமாக இருக்கும். ஆனால் ஓர் ஊரில் சிக்னல் போகும், இன்னோர் ஊரில் மழை வரும், மூன்றாவது ஊரில் பிள்ளைகள் வெயிலில் நின்றுகொண்டே இருப்பார்கள்.

எவ்வளவு தூரம்?

ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 2 கிலோமீட்டர். ஒன்பது, பத்துக்கு 3. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு 4. "இவ்வளவுதானா? என் பொண்ணு பத்து கிலோமீட்டர் ஓடுவாளே" என்று சில பெற்றோர் வருத்தப்படுவார்கள். தேசிய கிராஸ் கன்ட்ரி போட்டியிலேயே 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2 கிலோமீட்டர்தான். உலகப் போட்டியில் 20 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு 6, ஆண்களுக்கு 8. வளரும் எலும்புக்கு அவசரம் வேண்டாம்.

என் பையனிடம் போன் இல்லை. ஸ்மார்ட் வாட்சும் இல்லை. கலந்துகொள்ள முடியுமா?

கட்டாயம் முடியும். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குப் போட்டி நடத்துகிறவர்கள் மேல்தான் கோபம் வருகிறது. "ஆப் டவுன்லோடு செய்யவும்" என்று விதிமுறையின் முதல் வரியில் எழுதிவிட்டால், மாநகராட்சிப் பள்ளியில் நன்றாக ஓடுகிற பிள்ளைகளில் பாதிப் பேரை அங்கேயே வெளியே நிறுத்தியாயிற்று. ஓடுவதற்குக் காலும் இடமும் போதும். நேரம் பார்க்க ஒரு ஸ்டாப்வாட்ச், தூரம் அளக்க ஒரு டேப். ஜிபிஎஸ்ஸைவிட இது துல்லியமாகவும் இருக்கும்.

செய்யும் முறை இது. நீளம் தாண்டுதலுக்காக ஸ்போர்ட்ஸ் ரூமில் வைத்திருக்கும் 30 அல்லது 50 மீட்டர் டேப்பை எடுங்கள். பிள்ளைகள் ஓடப்போகிற வழிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, வளைவுகளில் கூம்போ செங்கல்லோ வையுங்கள். வளைவின் உள்ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். பெரிய மாரத்தான்களின் வழியை அளக்கும்போதும் இதே 30 சென்டிமீட்டர்தான். ஒருவர் டேப்பின் முனையைப் பிடிக்கட்டும், ஒருவர் இழுத்துப் போகட்டும், மூன்றாமவர் ஒவ்வொரு நீளத்துக்கும் நோட்டில் ஒரு கோடு போடட்டும். தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த எண்ணிக்கையில்தான், டேப்பில் இல்லை. இரண்டு முறை அளங்கள். ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளந்துவிடுங்கள்.

சுற்று 310 மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆறு சுற்றுக்கு 1,860 மீட்டர். 2 கிலோமீட்டருக்கு இன்னும் 140 வேண்டும். முடிவுக் கோட்டுக்கு 140 மீட்டர் முன்னால் தொடக்கக் கோட்டைப் போட்டால் கணக்கு சரியாகிவிடும்.

சுற்றை எண்ணுவதற்கு ரப்பர் பேண்ட். ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும் ஒரு ரப்பர் பேண்டைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டும். முடிவில் ஐஸ் குச்சிகளில் 1, 2, 3 என்று எழுதி வைத்துக்கொண்டு, வருகிற வரிசையில் கொடுங்கள். ஒரு ஆசிரியர் ஸ்டாப்வாட்ச் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் வரிசையாக எழுதிக்கொண்டே வர வேண்டும். குச்சியின் எண்ணையும் எழுதிய நேரத்தையும் பிறகு பொருத்தினால் போதும். ஐம்பது பிள்ளைகள் ஓடினாலும் குழப்பம் வராது. அப்புறம் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்ப ஒரு ஆசிரியரின் போன் போதும்.

ஆப் வைத்து ஓடுவதே தப்பா?

தப்பில்லை. மெரினா மாதிரி திறந்த வெளியில் ஒரே வழியாகப் போய்த் திரும்பும் ஓட்டத்துக்கு ஆப் நன்றாகவே வேலை செய்யும். வானம் தெளிவாகத் தெரியும் இடத்தில் போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பிவருவதால் கணக்கு தடுமாறும். அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் அப்படித்தான். சின்ன வட்டத்தில் திரும்பத் திரும்பச் சுற்றினால் வளைவுகளை வெட்டிக் குறைத்துக் காட்டும்.

ஓடும் முன் ஓரிரு நிமிடம் ஒரே இடத்தில் நின்று ஜிபிஎஸ் சிக்னல் கிடைத்த பிறகு ஸ்டார்ட் அழுத்துங்கள். பேட்டரி சேவரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்கிரீன் அணைந்ததும் ஆப்பும் தூங்கிவிடும். முக்கியமான ஒன்று: போன் ஓடுகிற பிள்ளையிடம்தான் இருக்க வேண்டும். அப்பா ஸ்கூட்டரில் போனை வைத்துக்கொண்டு கூடவே வந்தால் பதிவாவது ஸ்கூட்டர் போன தூரம். வண்டிப் புகை பிள்ளையின் முகத்தில் அடிப்பது வேறு.

ஊட்டிப் பள்ளி மலையில் ஓடுகிறது, நாங்கள் பீச் மணலில் ஓடுகிறோம். எப்படி ஒப்பிடுவது?

நேராக ஒப்பிட முடியாது. மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைவிடச் சுமார் 1.6 மடங்கு சக்தி வேண்டும் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே, காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு, ஏற்றமும் உண்டு. ஆனால் குளிர். சென்னையில் ஏற்றமே இல்லை, ஆனால் ஈரக்காற்று வியர்வையை உலரவிடாது. எதற்கு எத்தனை நொடி கழிப்பது என்று நேர்மையாகச் சொல்ல யாராலும் முடியாது.

இரண்டு வழிகளை முயன்றிருக்கிறோம். ஒன்று, நிலத்தை வகைப்படுத்துவது. சமதளப் புல், மண்; தளர்ந்த மணல்; ஏற்ற இறக்கம். அந்தந்த வகைக்குள் மட்டும் போட்டி. இன்னொன்று, முன்னேற்றத்துக்குப் புள்ளி. அதே வழியில் ஒரு மாதம் முன்பு ஓடிய நேரத்திலிருந்து எத்தனை சதவீதம் குறைத்தார்கள் என்று பார்ப்பது. இரண்டாவது முறை எனக்கு மிகவும் பிடிக்கும், மெதுவாக ஓடுகிற பிள்ளையும் பரிசு வாங்கலாம். முதல் ஓட்டத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிற ஆபத்து இதில் உண்டு. பி.டி. ஆசிரியர் கண்ணுக்கு அது தப்பாது.

அணிப் புள்ளி எப்படிப் போடுகிறீர்கள்?

ஒரே வகை நிலத்தில் ஓடிய எல்லாப் பள்ளிப் பிள்ளைகளையும் நேரப்படி ஒரே வரிசையில் அடுக்குகிறோம். முதலிடத்துக்கு 1 புள்ளி, பத்தாம் இடத்துக்கு 10. ஒவ்வொரு அணியிலும் முதல் ஐந்து பேரின் புள்ளியைக் கூட்டுகிறோம். குறைந்த கூட்டுத்தொகைதான் வெற்றி.

இரண்டு அணிகள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அணிக்கு 1, 2, 8, 9, 10 ஆகிய இடங்கள். கூட்டினால் 30. மற்ற அணிக்கு 3, 4, 5, 6, 7. கூட்டினால் 25. முதல் இரண்டு இடமும் அந்தப் பக்கம் போயும் இந்த அணிதான் ஜெயித்தது. ஐந்தாவது ஆளாக வருகிற பிள்ளை கடைசி நூறு மீட்டரில் ஒருவரைத் தாண்டினால் கோப்பையே கை மாறலாம். இதைப் பிள்ளைகளுக்குப் போர்டில் எழுதிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு முன்னால் ஓடி முடித்தவர்கள் போய்த் தண்ணீர் குடிக்காமல், கோட்டருகே நின்று பின்னால் வருகிறவர்களைக் கத்திக் கூப்பிடுவதைப் பார்ப்பீர்கள்.

சென்னை வெயிலில் எந்த மாதம், எந்த நேரம்?

பொங்கல் முடிந்ததிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. மார்ச்சில் பொதுத் தேர்வு, ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பத்து, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஜனவரி, பிப்ரவரியில் ரிவிஷன் டெஸ்ட் இருக்கும் என்பது தெரியும். அவர்களுக்காக ஆகஸ்டில் தனியாக ஒன்று வைக்கலாம்.

போகியன்று காலை வேண்டவே வேண்டாம். அன்றைய புகையில் சும்மா நிற்பதே கஷ்டம். மற்ற நாட்களிலும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப்பில் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். 200-க்கு மேல் போனால் ஓட்டத்தைத் தள்ளிவையுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு 100 தாண்டினாலே யோசிக்க வேண்டும். இன்ஹேலர் ஆசிரியர் கையில் இருக்கட்டும்.

நேரம் காலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள். ஜனவரியில் விடிவதே ஆறரை ஒட்டித்தான், இருட்டில் ஓடவிட வேண்டாம். "சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பதினொரு மணிக்கு ஓடட்டுமே" என்று கேட்கும் பள்ளிகளுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான், கூடாது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி கடும் வெயிலில் நடந்தது. 38 பேர் கிளம்பி 15 பேர்தான் முடித்தார்கள். அதோடு ஒலிம்பிக்கிலிருந்தே அந்தப் போட்டியை எடுத்துவிட்டார்கள். உலகத்தின் தலைசிறந்த ஓட்டக்காரர்களுக்கே அந்த நிலைமை. (அந்த ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு பயிற்சியாளராகப் போனவர் ஹாரி க்ரோ பக். 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவரும் அவர்தான். நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் படித்து வந்த பி.டி. ஆசிரியர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள்.)

தலை சுற்றல், குழறும் பேச்சு, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

பீச்சில் ஓடலாமா?

பெசன்ட் நகரும் மெரினாவும் அருமையான இடங்கள். அலையோரத்து ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு முழங்காலுக்கே எல்லாப் பாரமும். அதனால் போய்த் திரும்பும் வழியாகப் போடுங்கள். உடைந்த கண்ணாடி, தூண்டில் முள் இருக்கிறதா என்று முதலில் ஆசிரியர் நடந்து பார்த்துவிட வேண்டும். ஓடி முடித்த பிள்ளைகள் கால் நனைக்கிறேன் என்று கடலுக்கு ஓடுவார்கள். ஓட்டத்தைவிட அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் அதிகக் காவல் வேண்டும்.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயக்கமாக இருக்கிறது.

தயக்கம் நியாயமானது. ரோட்டில் ஓடவே வேண்டாம், பள்ளி மைதானத்துக்குள் அணியாக ஓடட்டும். டிராக் பேன்ட்டோ லெக்கிங்ஸோ, எது வசதியோ அதைப் போட்டுக்கொள்ளட்டும். உடை பற்றி எந்த விதியும் நாங்கள் வைப்பதில்லை. மாதவிடாய் நாட்களில் ஓட மனமிருந்தால் ஓடலாம், வேண்டாம் என்றால் ஒரு வார அவகாசத்தில் வேறு நாள் இருக்கிறது. காரணம் கேட்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்திருக்கிறோம். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நல்ல ஓட்டக்காரிகள் பலர் காணாமல் போவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். உங்கள் மகள் ஓட ஆசைப்பட்டால் தயவுசெய்து ஒரு நாள் காலையில் நீங்களும் வந்து பாருங்கள்.

ஷூ கட்டாயமா?

இல்லை. வெறுங்காலில் ஓடிப் பழகிய பிள்ளை புல்லிலும் மண்ணிலும் வெறுங்காலிலேயே ஓடலாம். போட்டிக்காகப் புது ஷூ வாங்கி அன்றைக்கே போட்டு ஓடினால் கொப்புளம்தான் மிஞ்சும்.

காலையில் என்ன சாப்பிட வேண்டும்?

முக்கால் மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம், கொஞ்சம் தண்ணீர். ஓடிய பிறகு நீர்மோர், இட்லி. 2 கிலோமீட்டருக்கு எனர்ஜி டிரிங்க் எதுவும் தேவையில்லை.

தெருநாய் துரத்தினால்?

ஓடாதீர்கள், ஓடினால் அது துரத்தும். நின்று, முகத்தை அதன் பக்கம் வைத்து, கண்ணோடு கண் பார்க்காமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது.

பிள்ளையின் பெயரும் படமும் இணையத்தில் வருமா?

நாங்கள் முடிவுப் பட்டியலில் முதல் பெயர், வகுப்பு, பள்ளி மட்டும் போடுகிறோம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள், அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அதனால் ஒப்புதல் தாள் இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை. ஆப்பில் ஓடும் பிள்ளையின் கணக்கைப் பிரைவேட்டாக மாற்றுங்கள். வீட்டு வாசலிலிருந்து பதிவைத் தொடங்க வேண்டாம். தினமும் எத்தனை மணிக்கு எந்த வாசலிலிருந்து கிளம்புகிறாள் என்று அந்த வரைபடம் ஊருக்கே காட்டிவிடும்.

சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பயன்படுமா?

பயன்படாது. அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ்தான் அதற்குச் செல்லும். இதைக் காட்டி சீட் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏமாற்றினால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ஆப் பதிவென்றால் வேகத்தைப் பார்ப்போம். ஓடுகிற பிள்ளையின் வேகம் ஏறி இறங்கும், சைக்கிள் போட்ட கோடு வேறு மாதிரி இருக்கும். 2 கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் முடிப்பவர் நல்ல ஓட்டக்காரர். அதற்கும் கீழே வந்தால் அந்தப் பள்ளி ஆசிரியரைக் கூப்பிட்டுப் பேசுவோம். பல சமயம் தூரம் அளந்ததில் கோளாறு இருக்கும், ஏமாற்றுவேலை இருக்காது. எனவே பிள்ளையை விசாரிக்கும் முன் டேப்பை எடுத்து இன்னொரு முறை அளக்கச் சொல்லுவோம்.

எங்கள் பள்ளியில் மைதானமே இல்லை. என்ன செய்வது?

சென்னையில் மூன்று மாடிக் கட்டடமும் ஒரு கார் பார்க்கிங்கும் மட்டுமே உள்ள பள்ளிகள் எத்தனையோ. மொட்டை மாடியிலும் காரிடாரிலும் ஓடவைக்க வேண்டாம். சிமென்ட் தரையில் அடிக்கடி திரும்பி ஓடினால் கணுக்கால் போய்விடும்.

பக்கத்தில் மாநகராட்சி விளையாட்டுத் திடல் இருக்கிறதா பாருங்கள், தி.நகரில் சோமசுந்தரம் மைதானம் போல. கிரிக்கெட் ஆடுகிறவர்கள் விடிந்ததும் வந்துவிடுவார்கள். முந்தின நாளே போய் அவர்களிடம் பேசி, ஓரத்தை ஒரு மணி நேரம் விட்டுத்தரக் கேளுங்கள். நான் கேட்டவரை மறுத்தவர்கள் குறைவு, சிலர் நின்று சுற்று எண்ணியும் கொடுத்திருக்கிறார்கள். பூங்காக்கள் வேண்டாம், காலையில் நடக்க வரும் பெரியவர்கள் மேல் பிள்ளைகள் மோதுவார்கள். திடலும் கிடைக்காவிட்டால் மைதானம் உள்ள பக்கத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். தேதி, நேரம், எத்தனை பிள்ளைகள், கூட வரும் ஆசிரியர்கள் யார், முதலுதவிக்கு என்ன ஏற்பாடு என்பதை எல்லாம் அதில் குறிப்பிடுங்கள். அவர்கள் பிள்ளைகளையும் சேர்ந்து ஓட அழையுங்கள். போட்டிக்கு மூன்று வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள், அனுமதி வர அவ்வளவு நாள் ஆகும்.